எல்லையோரப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய ஊர்களில், பள்ளிப் பிள்ளையின் மதியச் சாப்பாடு நூறு ஆண்டுகளில் பல கை மாறியிருக்கிறது. வீட்டுத் தூக்குப்போசியில் போனது ஒரு காலம். அமெரிக்க மாவு மூட்டையிலிருந்து வந்தது ஒரு காலம். பள்ளி அடுப்பிலேயே வெந்து இறங்குவது இன்றைய காலம். இந்த மாற்றங்களில் ஒரு வரிசை உண்டு. பசி தீர்ப்பதுதான் முதல் நோக்கமாக இருந்தது. சத்தைக் கிராம் கணக்கில் அளப்பது அடுத்து வந்தது. பிள்ளை விரும்பிச் சாப்பிடுமா என்ற கேள்வி கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. பிடிக்காத சோறு பாத்திரத்தோடு வீடு திரும்பும் என்பது தாய்மாருக்கு என்றுமே தெரியும். அரசாணைகளுக்கு அது புரிய எண்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1956 நவம்பர் 1 வரை இந்த எல்லைப் பகுதி ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததில்லை. பாலக்காடு நகரமும் அட்டப்பாடி மலையும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிடக்கும் சித்தூர், கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. தேவிகுளம், பீருமேடு மலைகள் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. பாலக்காடு மாவட்டம் 1957 ஜனவரி 1 அன்றும் இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26 அன்றும் உருவாயின. ஆட்சி எப்படிப் பிரிந்திருந்தாலும் அடுப்படி வேறு கணக்கில் பிரிந்திருந்தது. சித்தூர்ப் பக்கத் தமிழர் வீட்டில் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்துக் கொங்குச் சமையல். மூணாறு, பீருமேட்டுத் தோட்ட வீடுகளில் தேனி, மதுரை, திருநெல்வேலிச் சமையல். மலையாளிக் குடியேற்றக்காரர் வீட்டில் கப்பை என்ற மரவள்ளிக்கிழங்கும் மீனும் பலாக்காயும்.

பாலக்காட்டை நெற்களஞ்சியம் என்பார்கள். அந்தப் பெயர் மேற்குப் பக்கத்து வயல்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி போன்ற கிழக்கு ஊர்கள் மழை குறைந்த மேட்டு நிலங்கள். கம்பும் சோளமும் ராகியும் நிலக்கடலையும் கொள்ளும் விளைந்த மண் அது. அரிசிச்சோறு பெரும்பாலும் நோம்பு நாளுக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்த காலத்தில், பள்ளிக்குப் போன பிள்ளை காலையில் கம்பங்கூழோ ராகிக்கூழோ குடித்துவிட்டுப் போனது. பள்ளி பக்கத்தில் இருந்தால் மதியம் வீட்டுக்கு ஓடிவந்து களியும் பச்சைப்பயறு கடைசலும் தின்றுவிட்டுத் திரும்பும். தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் கட்டுச்சோறு. களி ஆறினால் இறுகிவிடும். கூழைச் சுமந்துகொண்டு நடந்தால் சிந்தும். ஆகவே பள்ளிக்கூடம் தூரமான வீடுகளில், வசதி வந்ததும் முதலில் நுழைந்தது அரிசி. சிறுதானியம் இப்பகுதிப் பிள்ளைகளின் தட்டிலிருந்து விலகியதற்கு நாகரிகமோகம்தான் காரணம் என்று சொல்வது வழக்கம். பாத்திரத்தில் அடைத்து எடுத்துப்போக அரிசிச்சோறு தோதாக இருந்தது என்பதும் அதே அளவு காரணம்.

கொங்கு வீடுகள் இந்தத் தேவைக்குக் கண்டுபிடித்த நல்ல விடை அரிசிம்பருப்புச் சோறு. அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து ஒன்றாக வேகவைத்து, மேலே நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு இறக்கினால் குழம்பு தனியாக வேண்டாம், சிந்தாது, ஆறினாலும் தின்னலாம். பருப்பில் உள்ள லைசின் என்ற புரதக்கூறு அரிசியில் குறைவு; அரிசியில் உள்ள மெத்தியோனின் பருப்பில் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். இந்தக் கணக்குத் தெரியாமலே அது சரியாக அமைந்திருந்தது. கோடையில் பாலக்காட்டுச் சமவெளி 40 டிகிரி வெயிலைத் தொடும் இடம். தேங்காய் அரைத்த குழம்பு நண்பகலுக்குள் ஊசிப்போகும். அதனால் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, நிலக்கடலைப் பொடி, கொள்ளுப்பொடி, எண்ணெயில் வதக்கிய துவையல் எனக் கெடாத பண்டங்களே பிள்ளைகளின் பாத்திரத்தை நிறைத்தன. புளியும் உப்பும் எண்ணெயும் அங்கே ருசிக்கு மட்டும் சேர்ந்தவை அல்ல.

பாலக்காட்டு அக்ரகாரங்களில் கதை கொஞ்சம் வேறு. கல்பாத்தி முதலிய ஊர்களின் தமிழ்ப் பிராமணப் பிள்ளைகள் ஆங்கிலக் கல்விக்கு முன்னதாகவே போனவர்கள்; 1866இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த விக்டோரியா கல்லூரியும் பக்கத்திலேயே இருந்தது. தயிர்சாதமும் வடுமாங்காயும் அவர்களின் நிரந்தரக் கட்டு. வெயிலுக்குத் தயிர் இன்னும் புளித்துவிடாமல் இருக்கப் பாலைக் கூட்டியும் தயிரைக் குறைத்தும் பிசைந்து கட்டுவது அங்கே வழக்கமான உத்தி. சாப்பிடும் நேரத்துக்கு அது பதமாக உறைந்திருக்கும்.

மலைக்கதை தொடங்குவது தேயிலையிலிருந்து. 1877இல் ஜே. டி. மன்றோ பூஞ்ஞார் அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். நெல் விளையாத அந்த உயரத்தில் சோறு என்பதே கீழிருந்து ஏறிவர வேண்டிய பொருள். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழிப் பாதையும் ஓடின. தேயிலை போடிநாயக்கனூர் வழியாக இறங்கியது, மலைக்கு வேண்டிய சரக்குகள் சமவெளியிலிருந்து ஏறின. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. கேரளத்தார் இன்றும் மலையாள ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று நினைவுகூர்வது அந்த வெள்ளத்தைத்தான்.

தோட்டத்தில் பிள்ளையின் மதியச் சாப்பாட்டைத் தீர்மானித்தது கடிகாரம். கொழுந்தெடுக்கும் தாய் காலையிலேயே, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அதற்குள் புருஷனுக்கும் தனக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே உலையில் சோறு வெந்தாக வேண்டும். தேயிலைக் காட்டுக்குப் போகும் தூக்குச்சட்டியில் எதுவோ, பள்ளிக்குப் போகும் சட்டியிலும் அதுவே: சோறு, ஒரு புளிக்குழம்பு, கிடைத்தால் ஒரு கருவாட்டுத் துண்டு, கீரை அகப்பட்ட நாளில் கடைசல். தனியாகப் பிள்ளைக்கென்று ஏதாவது செய்வது ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய ஆடம்பரம். குளிரில் சோறு நண்பகலுக்குள் விறைத்துப்போகும். சமவெளியில் குளிர்ச்சி தந்த தயிர்சாதம் ஆடி மழையில் மூணாற்றுப் பிள்ளைக்கு வேண்டாத பண்டம். சூடான சாயாவைச் சோற்றோடு குடிக்கும் பழக்கம் அங்கே எளிதில் வேர்விட்டது. தேயிலையின் துவர்ப்புச் சத்து உணவிலுள்ள இரும்பு உடலில் சேருவதைத் தடுக்கிறது என்பது பின்னால் தெரிந்த அறிவியல். உலகுக்குத் தேயிலை அனுப்பிய மலையில் அந்தத் தேயிலையே பிள்ளைகளின் ரத்தத்துக்கு எதிராக வேலை செய்தது.

பாத்திரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வாட்டிய வாழையிலையில் சோற்றைப் பொதிந்து கட்டும் பொதிச்சோறு இரு மொழியாருக்கும் பொதுவான வழக்கம். இலையின் வாசனை சோற்றில் இறங்குவதால் அது பிள்ளைகளுக்கு என்றும் பிடித்தமானது. உலோகப் பாத்திரங்களில் ஏழை வீட்டுக்கு எட்டியது அலுமினியம். 1898இல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பிறகு அது தனித் தொழிலாக வளர்ந்து தென்னிந்தியா எங்கும் பரவியது. அலுமினிய டப்பா இலேசானது, விலை குறைந்தது. ஆனால் புளிச்சோறும் தயிரும் அதை அரிக்கும். மூடியைத் திறந்ததும் ஓர் உலோக வாடை அடிக்கும். எவர்சில்வர் வந்தபின்தான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சத்து என்ற சொல் ஆய்வுக்கூடத்திலிருந்து இந்தப் பகுதிக்கு வந்த வழி நீலகிரியின் குன்னூர். அங்கே 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வு பின்னாளில் ஐதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த மெக்காரிசன், கோதுமை, பால், காய் சேர்ந்த வடக்கத்தி உணவில் எலிகள் கொழுத்ததையும், தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவில் சோர்ந்ததையும் கண்டார். அவருக்குப் பின் வந்த டபிள்யூ. ஆர். ஆய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்தால் பிள்ளைகள் கூடுதலாக வளர்கிறார்கள் என்பதும் அவர் குழு காட்டிய முடிவு. இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது கொங்கு, கேரள வீடுகளின் ஒரு பழக்கத்தைச் சேர்த்து யோசிக்க வேண்டும்: நெல்லைப் புழுக்கிக் குத்துவது. புழுங்கலரிசியில் தயமின் உயிர்ச்சத்து தவிட்டோடு முழுதும் போய்விடுவதில்லை. பெரிபெரி நோய்க்கு எதிராக அந்த வீடுகளுக்கு இருந்த காவல் அதுதான்.

அரசு பிள்ளைக்குச் சோறு போடும் எண்ணம் சென்னையில் பிறந்தது. 1920 செப்டம்பரில் பி. தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் தலைக்கு ஓரணா மிகாமல் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. 1941இல் திருவிதாங்கூரிலும் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. அடுத்த ஆண்டே சோதனை வந்தது. பர்மா ஜப்பானியர் கையில் விழ, பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் திண்டாடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த மரவள்ளி, அப்போதுதான் வீடுதோறும் சோற்றின் இடத்தைப் பிடித்தது. 1940களிலும் 1950களிலும் உணவு விளைவிக்க என்று காடு திருத்தி இடுக்கி மலைகளில் குடியேறிய மலையாளிகள் அந்தக் கப்பையையும் கையோடு கொண்டுவந்தார்கள். தேவிகுளம், உடும்பன்சோலைப் பள்ளிகளில் கப்பைப் புழுக்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கொண்டுவந்த பிள்ளையும் புளிச்சோறு கொண்டுவந்த பிள்ளையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து கை மாற்றிக்கொண்டார்கள். மாவுச்சத்தைத் தவிர அதிகம் இல்லாத கப்பைக்கு மீனோ பயறோ துணை வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் டப்பாவிலிருந்து அது சில நாள் கிடைத்தது. பங்கு வைத்துத் தின்னும் இந்தப் பழக்கம் செய்த ஊட்டச்சத்துப் பணியை எந்த அறிக்கையும் கணக்கிட்டதில்லை.

1956 இந்த வரலாற்றின் பிரிவுக்கோடு. தேவிகுளம், பீருமேடு தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற போராட்டம் முடிந்து, தென்கோடியில் கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மலைத் தாலுகாக்கள் கேரளத்தில் நின்றன. சென்னை மாநிலத்தின் கீழிருந்த பாலக்காடும் கேரளத்துக்குப் போயிற்று. அதே ஆண்டில்தான் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராக நன்கொடை திரட்டி அதை நடத்திக் காட்டினார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்குச் சோறும் சாம்பாரும் கிடைக்கத் தொடங்கிய காலத்தில், இந்தப் பக்கத்துப் பிள்ளை வேறொரு அரசின் கையைப் பார்த்து நின்றது.

கேரளத்தில் வந்தது கேர் என்ற அமெரிக்க உதவி நிறுவனத்தின் கை. 1961 முதல் அமெரிக்கச் சோளமாவு, உடைத்த கோதுமை, பால்பொடி, எண்ணெய் ஆகியவை தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து இறங்கின. மஞ்சள் நிற உப்புமா அடுப்பில் கிளறப்படும் மணம், வகுப்பு முடியும் முன்பே பிள்ளைகளைச் சன்னலுக்கு இழுத்தது என்று அந்தத் தலைமுறையார் இன்றும் சொல்வார்கள். பசியுள்ள வயிற்றுக்கு அது அமுதம்தான். ஆனால் அதில் இந்த மண்ணின் பண்டம் கடுகும் கறிவேப்பிலையும் மட்டுமே. ராகியும் கம்பும் விளைந்த கொழிஞ்சாம்பாறையில் பிள்ளைகள் அயல்நாட்டுச் சோளமாவை உண்டார்கள்; உள்ளூர்த் தானியத்துக்குப் பள்ளியில் இடம் இருக்கலாம் என்ற நினைப்பு யாருக்கும் எழவில்லை.

தோட்டங்களில் சட்டத்தின் வழியும் ஒன்று இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகமும், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தைந்துக்கு மேல் இருந்தால் கல்வி வசதியும் வேண்டும் என்றது. காப்பகத்தில் பாலும் சிற்றுண்டியும் கிடைத்ததால் கைக்குழந்தைகள் ஓரளவு தப்பின. காப்பக வயது தாண்டி, பள்ளிச்சோறும் சரியாக இல்லாத இடைப்பட்ட பிள்ளைகளே தோட்டத்தில் மிகவும் மெலிந்தவர்கள்.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1984 டிசம்பரில், கேரளம் கேர் உதவி இல்லாமல் தன் சொந்தச் செலவில் மதிய உணவைத் தொடங்கியது. முதலில் கடலோர மீனவக் கிராமங்களின் தொடக்கப் பள்ளிகளில், அடுத்து எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும், 1987-88இல் ஏழாம் வகுப்பு வரையிலும். கேரளம் தேர்ந்த பண்டம் கஞ்சியும் பயறும். சத்துக் கணக்கில் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. அரிசியும் சிறுபயறும் நல்ல இணை, சூடான கஞ்சி மழைநாளுக்கு ஏற்றது. குறை வேறிடத்தில் இருந்தது. நாள் தவறாமல் அதே கஞ்சி, அதே பயறு. மலையாளி வீட்டில் கஞ்சி அன்றாட உணவு, இரவுச் சாப்பாடாகவே இருந்தது. தமிழ் வீட்டில் கஞ்சி என்றால் காய்ச்சலில் கிடப்பவருக்கு வைப்பது, இல்லையேல் வறுமை. ஆகவே வசதி கொஞ்சம் கூடியதும் எல்லையோரத் தமிழ்ப் பெற்றோர் டப்பாவில் சோறு கட்டி அனுப்பத் தொடங்கினார்கள். கஞ்சி வரிசையில் நிற்கும் பிள்ளை, டப்பா திறக்கும் பிள்ளை என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. திட்டத்தை வகுத்தவர்கள் எண்ணாத விளைவு இது. சமத்துவம் பரிமாற வந்த சோறு, யார் ஏழை என்பதைக் காட்டிக்கொடுத்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசின் திட்டம் வந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சமைத்த உணவே தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அரிசியும் பயறும் கேரள அரசின் மாவேலி ஸ்டோர் கடைகள் வழியாகப் பள்ளிக்கு வந்தன. கஞ்சி மெல்லச் சோறும் கூட்டும் ஆயிற்று. சாம்பார், அவியல், தோரன், மோர்க்குழம்பு என்று பட்டியல் நீண்டது. தேசிய அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். அதில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். உயர்தொடக்கப் பள்ளிக்கு 150, 30, 75 கிராம். 700 கலோரி, 20 கிராம் புரதம். கேரளம் தன் பங்குக்கு வாரம் இரு நாள் 150 மில்லி பாலும் ஒரு நாள் முட்டையும் சேர்த்தது. முட்டை தின்னாதவர்களுக்கு நேந்திரன் பழம்.

கிராம் கணக்கைக் காகிதத்தில் எழுதுவது சுலபம், அடுப்பில் நிறைவேற்றுவது கடினம். கேரள விதிப்படி 500 பிள்ளைகள் வரை ஒரே சமையல் தொழிலாளிதான். காய்கறிச் செலவுக்கு அரசு தரும் தொகை விலைவாசிக்குப் பின்தங்கியே வந்தது. பல தலைமையாசிரியர்கள் கைக்காசைப் போட்டு ஓட்டினார்கள். 2023இல் அந்தப் பாக்கிப் பிரச்சினை கேரள உயர்நீதிமன்றம் வரை போயிற்று. மூணாற்று மலைச்சரிவுப் பள்ளிக்கு ஒரு சிலிண்டர் ஏற்றுவதற்கும் பாலக்காட்டுச் சாலையோரப் பள்ளிக்கு ஏற்றுவதற்கும் செலவு ஒன்றல்ல. தொகை மட்டும் ஒன்று.

தானியம் பறிபோனதன் விலை அட்டப்பாடியில் வெளிப்பட்டது. இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அந்த மலையில் ராகி, சாமை, தினை, துவரை, அவரை, பலவகைக் கீரைகள் கலந்து விளைந்த புனக்காடுகள் சுருங்கின. ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. 2013இல் அங்கே கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது தாய்மாரின் ஊட்டக்குறைவும் ரத்தசோகையும் நாடறிந்த செய்தியாயின. அதன்பின் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பின் பெண்கள் ஊர்களில் சமூகச் சமையலறைகளை நடத்தினார்கள். 2017இல் சிறுதானியக் கிராமத் திட்டம் தொடங்கியது. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அது மிகச் சொற்பம். பல் முளைத்து எலும்பு நீளும் வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

இடுக்கியின் வடகிழக்கு மூலையில் இதே முரண் வேறு உருவில் நிற்கிறது. வட்டவடை, காந்தளூர் படிக்கட்டு வயல்களில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளை, பூண்டு விளைகின்றன. மறையூரில் கரும்பு பிழிந்து உருட்டும் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காய்கறியில் பெரும்பகுதி லாரியேறி இறங்கிவிடும். விளைந்த மலையின் பள்ளிக் குழம்பில் பூசணியும் வெள்ளரியும் மிதக்கும். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக உருவான இடமலைக்குடியில், முதுவான் பிள்ளைகளின் பள்ளிக்கு அரிசியை நெடுங்காலம் தலைச்சுமையாகவே கொண்டுபோனார்கள். அந்தக் குடிகளின் சொந்த உணவு ராகி. அது பக்கத்துச் சரிவிலேயே விளைந்தது.

1990களுக்குப் பின் போட்டிக்கு வந்தது பாக்கெட். 1983இல் இந்தியாவில் இறங்கிய இரண்டு நிமிட நூடுல்ஸ், பேக்கரி பப்ஸ், சிப்ஸ், பொடி கரைத்த குளிர்பானம் எல்லாம் கடைத்தெருவிலிருந்து பள்ளி வாசலுக்கு வந்தன. வேலைக்கு ஓடும் தாய்க்குப் பாக்கெட் ஒரு விடுதலை. அதைப் பழிப்பது எளிது, அவளுக்கு அதிகாலையில் இன்னொரு அரைமணி கொடுப்பது எளிதல்ல. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. ஐம்பது மீட்டரைத் தாண்டி நடக்க ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும்.

ருசிக்கு அரசு இடம் கொடுத்தது தமிழ்நாட்டில் 2013இல். அன்று சோதனையாகத் தொடங்கிய கலவைச்சாத முறையில் தக்காளிச்சாதம், எலுமிச்சைச்சாதம், கறிவேப்பிலைச்சாதம், மசாலா முட்டை எல்லாம் சத்துணவில் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், குமுளி, போடிமெட்டு போன்ற எல்லை ஊர்களில் சொந்தபந்தம் இருபுறமும் இருக்கும். அந்தப் பக்கத்து மாமன் பிள்ளை காலையில் பொங்கலும் மதியம் தக்காளிச்சாதமும் தின்பது இந்தப் பக்கத்து அத்தை வீட்டில் பேச்சாகாமல் இருக்குமா?

கேரளத்தில் திருப்பம் வந்த விதம் வேடிக்கையானது. 2025 தொடக்கத்தில், உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று ஓர் அங்கன்வாடிச் சிறுவன் மழலையில் கேட்ட காணொளி ஊரெல்லாம் பரவியது. அமைச்சர் வீணா ஜார்ஜ் அதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டார். அந்த ஜூனில் அங்கன்வாடிப் பட்டியலில் முட்டை பிரியாணி சேர்ந்தது. ஆகஸ்ட் 1 முதல் பள்ளிகளுக்கும் புதுப் பட்டியல் வந்தது. எலுமிச்சைச்சாதம், தக்காளிச்சாதம், தேங்காய்ச்சாதம், காய்கறி பிரியாணி, துணைக்குப் புதினா, நெல்லி, பச்சைமாங்காய்ச் சட்னிகள். ராகியில் செய்த உருண்டையும் கொழுக்கட்டையும் பாயசமும். தோட்டத்து லயத்திலிருந்தும் கொங்குக் காட்டிலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் தூக்குச்சட்டியில் சுமந்துவந்த சோறுகள் இவற்றில் பாதி. திருவனந்தபுரத்தில் புதுமை என்று அறிவிக்கப்பட்டது கொழிஞ்சாம்பாறையில் பாட்டி காலத்துப் பழசு. பட்டியலை இன்னும் ஓரடி உள்ளூராக்கலாம். சித்தூர்ப் பள்ளிகளில் அரிசிம்பருப்புச் சோறும் நிலக்கடலையும், மறையூர்ப் பள்ளிகளில் அவ்வூர் வெல்லம் சேர்த்த ராகி உருண்டையும், அட்டப்பாடியில் துவரையும் இடம்பெறுவதைத் தடுக்கச் சத்துக் காரணம் எதுவும் இல்லை.

வீட்டு டப்பாவும் மறைந்துவிடவில்லை. இப்பகுதித் தாய்மார் அனுபவத்தில் கண்ட சில வழிகள் உணவியலுக்கும் உடன்பாடானவை. ராகியைக் களியாகக் கொடுத்தால் மூக்கைச் சுளிக்கும் பிள்ளை, அதே மாவில் வெல்லமும் தேங்காயும் சேர்த்த புட்டையோ அடையையோ கேட்டு வாங்கும். முருங்கைக்கீரையைத் தனியாக வைத்தால் ஒதுக்கிவிடும். முட்டையோடு பொரித்தால் தட்டில் மிஞ்சாது. சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். தேயிலை மலையில் இந்த ஒரு பழக்கம் சாயாவின் தீங்கைக் கொஞ்சம் ஈடுகட்டும். சாயாவை உணவு முடிந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தால் இன்னும் நல்லது.

கேரளத்தில் பள்ளி மதிய உணவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடம்பு மிக வேகமாக வளரும், பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகத் தேவைப்படும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பிள்ளை மறுபடி வீட்டு டப்பாவை நம்பியிருக்கிறது. தமிழ்நாடு 1984இலேயே பதினைந்து வயது வரை சத்துணவை நீட்டிவிட்டது. கேரளமும் அதைப் பத்தாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும். தோட்டப் பள்ளிகளிலும் மலைப் பள்ளிகளிலும் அதை முதலில் செய்ய வேண்டும்.